மூன்றாம் ஆளின் குற்றம்

1

‘ஓட்டைப் பிரிச்சுட்டான்.’ தேர்தல் முடிவு வந்த மறுநாள் தோற்ற தரப்பின் வாயிலிருந்து வரும் இந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். இரண்டே சொல். உள்ளே ஒரு முழு அரசியல் கோட்பாடு ஒளிந்திருக்கிறது. பிரிப்பதற்கு முன்னால் ஓட்டு ஒன்றாக இருந்தது. ஒன்றாக இருந்தது ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது. சொந்தக்காரரிடமிருந்து அதைக் கொண்டுபோனவன் பிரித்தவன். இலக்கணப்படி இதில் எழுவாய் தோன்றா எழுவாய், அதாவது மூன்றாம் வேட்பாளர். செயப்படுபொருள் ஓட்டு. ஓட்டுப் போட்டவர் எங்கே? அவருக்கு இந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. அவர் யோசித்தார், முடிவெடுத்தார், வரிசையில் நின்றார் என்பதெல்லாம் வாக்கியத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இத்தகைய வேட்பாளரை ‘ஸ்பாய்லர்’ என்பார்கள். ஆட்டத்தைக் கெடுப்பவர். நம் சொல் ஓட்டைச் சொத்தாகப் பார்க்கிறது, அவர்கள் சொல் தேர்தலை இரண்டு பேர் ஆட்டமாகப் பார்க்கிறது. இரண்டிலும் மூன்றாம் ஆள் அத்துமீறி நுழைந்தவர்தான்.

அமெரிக்க அதிபர் தேர்தல்களை முதன்மையாகவும் இலங்கையின் 2024 தேர்தலை ஒப்பீட்டுக்காகவும் வைத்துக்கொண்டு இந்தச் சொல்லாடலைப் பரிசீலிக்க விரும்புகிறேன். மூன்றாம் வேட்பாளர் தேர்தல் முடிவைப் பாதிப்பதே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. பாதிக்கிறார். சில சமயம் பயங்கரமாகப் பாதிக்கிறார். என் கேள்வி, அந்தப் பாதிப்பை எதைக் கொண்டு அளப்பது, எத்தனை காலத்துக்கு அளப்பது என்பதுதான்.

2

எல்லோரும் சொல்லும் உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். 2000ஆம் ஆண்டு, ஃப்ளோரிடா மாநிலம். குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் 29,12,790 வாக்குகள். ஜனநாயகக் கட்சியின் ஆல் கோர் 29,12,253 வாக்குகள். வித்தியாசம் 537. பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே வாங்கியது 97,488. அந்த மாநிலத்தை வென்றவருக்கே அதிபர் பதவி என்ற நிலை. நாடு முழுக்க எண்ணினால் கோர்தான் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் முன்னால் இருந்தார். ஆனால் அங்கே அதிபரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாக அமையும் தேர்வாளர் குழுதான் தேர்ந்தெடுக்கிறது. 48 மாநிலங்களில், ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும்.

நேடருக்குப் போட்டவர்களில் சிலர் புஷ்ஷுக்குப் போட்டிருப்பார்கள், சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்று எவ்வளவு கழித்தாலும், மிச்சமிருப்பவர்களில் கோர் பக்கம் ஒரு சின்னச் சாய்வு இருந்தாலே 537 காணாமல் போயிருக்கும். இதை மறுப்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். 2003இல் ஈராக்கில் நடந்ததையும் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த 537 சும்மா ஒரு எண் அல்ல.

சரி. இப்போது மற்ற எண்களையும் அதே மேசைமேல் வைப்போம். அதே ஃப்ளோரிடாவில் சோஷலிஸ்ட் வொர்க்கர்ஸ் கட்சி வாங்கியது 562 ஓட்டு. அதுவும் 537ஐ விட அதிகம்தான். அந்தக் கட்சியை யாரும் ஏசவில்லை. பாம் பீச் மாவட்டத்தில் குழப்பமாக அச்சடித்த வாக்குச்சீட்டால் பேட் புக்கானன் என்ற வலதுசாரி வேட்பாளருக்கு 3,407 ஓட்டுகள் விழுந்தன. தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்த பிறகும் ஓட்டுரிமை திரும்பக் கிடைக்காதவர்கள் அந்த மாநிலத்தில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிட மிகக் கூடுதலாகக் கறுப்பர்கள். கோர் தன் சொந்த மாநிலமான டென்னஸியில் தோற்றார். அங்கே ஜெயித்திருந்தால் ஃப்ளோரிடாவே வேண்டியிருந்திருக்காது. மறு எண்ணிக்கையை 2000 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் நிறுத்தியது.

இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் முடிவு மாறியிருக்கக் கூடும். ஆக, நேடர் ஒரு காரணம். காரணங்கள் பல இருக்கும்போது ஒன்றை மட்டும் தூக்கிக் ‘குற்றம்’ என்று பெயர் வைக்கிற தேர்வு எங்கிருந்து வருகிறது? கிரேக்க நகரங்களில், கேடு வந்தபோது ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஊருக்கு வெளியே விரட்டும் சடங்கைப் பற்றித் தெரிதா எழுதியிருக்கிறார். விரட்டப்படுபவர் வெளியாள் அல்ல, ஊருக்குள்ளேயே ஊர்ச் செலவில் வளர்க்கப்பட்டவர். அவரை வெளியேற்றியதும் உள்ளே இருப்பவர்களுக்குத் தாங்கள் சுத்தம் என்ற உணர்வு கிடைக்கிறது. நேடரைத் திட்டியதால் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்ததும் அதேதான். லட்சக்கணக்கானோரின் ஓட்டுரிமையைப் பறித்த சட்டத்தைப் பற்றியோ தேர்வாளர் குழுவைப் பற்றியோ பேச வேண்டிய கட்டாயம் விலகிப்போனது. 2004இல் நேடரின் பெயர் வாக்குச்சீட்டில் வராமல் தடுக்க மாநிலம் மாநிலமாக வழக்குப் போடுவதில் அக்கட்சியினர் காட்டிய சுறுசுறுப்பு, இந்தச் சுத்திகரிப்புச் சடங்கின் தொடர்ச்சி என்றே நான் வாசிக்கிறேன்.

3

இன்னும் பழைய, இன்னும் சங்கடமான ஒரு நிகழ்வு இருக்கிறது. 1844. விக் கட்சியின் ஹென்றி கிளேயும் ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க்கும் மோதினார்கள். இருவருமே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். ஆனாலும் வித்தியாசம் இருந்தது. டெக்சாஸை இணைத்து அடிமை முறையின் நிலப்பரப்பை விரிவாக்கப் போல்க் துடித்தார். கிளே தயங்கினார், வழவழவென்று பேசினார். மூன்றாவதாக நின்றவர் லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பிர்னி. தானே ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்து, பிறகு விடுவித்து, அடிமை ஒழிப்புக்கு வந்தவர். நியூயார்க் மாநிலத்தில் போல்க் வென்றது 5,106 வாக்குகளில். அங்கே பிர்னி வாங்கியது 15,812. நியூயார்க் கிளேக்குக் கிடைத்திருந்தால் அதிபர் கிளே.

விளைவு என்ன? 1845இல் டெக்சாஸ் அடிமை மாநிலமாகச் சேர்ந்தது. 1846இல் மெக்சிகோவுடன் போர். ‘அடிமை ஒழிப்புக்காரர்களே அடிமை முறைக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள்’ என்று விக் கட்சிக்காரர்கள் சொன்னது வெறும் வசவு அல்ல. அன்றிரவின் கணக்கில் அது உண்மை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் போரின் விலையைக் கொடுத்தவர்கள் மெக்சிகோ மக்களும் புதிய நிலங்களுக்கு ஓட்டிச்செல்லப்பட்ட அடிமைகளும். அவர்களுக்கு நியூயார்க்கில் ஓட்டு இல்லை. மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர். ‘ரெண்டு பேருமே ஒண்ணுதான், யாருக்கும் போட மாட்டேன்’ என்று சொல்கிற தோழர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது.

ஆனால் கதை அன்றிரவோடு முடியவில்லை. 1843இல் பஃபலோ நகரில் நடந்த லிபர்ட்டி கட்சி மாநாட்டில் ஹென்றி ஹைலண்ட் கார்னெட் பேசினார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த கறுப்பர். பெரிய கட்சிகள் இரண்டின் மாநாட்டிலும் அன்றைக்கு அவரால் வாசல்படி ஏறியிருக்க முடியாது. 1840இல் நாடு முழுக்க ஏறத்தாழ 7,000 ஓட்டு வாங்கிய கட்சி அது. 1844இல் அது 62,000 ஆனது. 1848இல் அதன் பெரும்பகுதி ஃப்ரீ சாயில் கட்சிக்குள் கரைந்தது. அந்தக் கட்சிக்கு நூற்றுக்குப் பத்து ஓட்டு. 1854இல் குடியரசுக் கட்சி. 1860இல் ஆபிரகாம் லிங்கன். லிபர்ட்டி கட்சியைக் கட்டியவர்களில் ஒருவரான சால்மன் சேஸ், லிங்கன் அமைச்சரவையில் நிதிச் செயலாளர் ஆனார், பிறகு தலைமை நீதிபதி.

1844இன் ‘ஸ்பாய்லர்’ இல்லாமல் 1860 வந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வரலாறு அப்படி ஒற்றைக் கயிற்றில் நடப்பதில்லை. ஆனால், அடிமை முறை என்பதை இரண்டு கட்சிகளும் சேர்ந்து பேசாப் பொருளாக வைத்திருந்த காலத்தில், அதைப் பேசியே ஆக வேண்டிய பொருளாக்கியவர்களில் இந்த ஓட்டுப் பிரித்தவர்கள் இருந்தார்கள். ‘முடிவைப் பாதித்தல்’ என்பதன் அர்த்தம் எண்ணிக்கை மேசையோடு முடிந்துவிடுமா என்பதை இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது.

4

மூன்றாம் ஆள் என்றாலே முற்போக்கு, விளிம்பின் குரல் என்று உடனே ஒரு ரொமாண்டிக் கதையாடலைக் கட்டிவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது ஆபத்து.

1948ஐப் பாருங்கள். அந்த ஆண்டு இரண்டு மூன்றாம் வேட்பாளர்கள். இன ஒதுக்கலைக் காப்பதற்காகவே ஜனநாயகக் கட்சியிலிருந்து வெளியேறிய தென்மாநிலக்காரர்களின் வேட்பாளர் ஸ்ட்ராம் தர்மண்ட். இடது பக்கத்தில் ஹென்றி வாலஸ். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஓட்டு: ஆளுக்குப் பதினோரு லட்சத்துச் சொச்சம், 2.4 சதவீதம். தேர்வாளர் குழுவில்? தர்மண்டுக்கு 39. வாலஸுக்கு 0. ஏன் என்றால், தர்மண்டின் ஓட்டு நான்கைந்து மாநிலங்களில் குவிந்திருந்தது, வாலஸின் ஓட்டு நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. இருபது ஆண்டு கழித்து 1968இல் ஜார்ஜ் வாலஸ் என்ற இனவாதி 13.5 சதவீத ஓட்டோடு ஐந்து மாநிலங்களை வென்று 46 தேர்வாளர்களைப் பெற்றார். 1992இல் கோடீஸ்வரர் ராஸ் பெரோ 18.9 சதவீதம் வாங்கியும் ஒரு தேர்வாளரைக்கூடப் பெறவில்லை. இந்தத் தேர்தல் முறை மூன்றாம் ஆள் எல்லோரையும் ஒரே மாதிரி நசுக்குவதில்லை. ஓர் இடத்தில் திரண்டிருக்கும் வெறுப்புக்கு வழிவிடுகிறது. பரவலாக இருக்கும் அதிருப்தியை ஒன்றுமில்லை என்று ஆக்கிவிடுகிறது.

மொழியின் தளத்திலும் இதைப் பார்க்கலாம். ஜார்ஜ் வாலஸ் தோற்றார், ஆனால் அவருடைய பேச்சு தோற்கவில்லை. ‘சட்டம் ஒழுங்கு’ என்ற நாகரிகமான உடுப்பில் கறுப்பர்மீதான அச்சத்தைப் பேசுகிற முறையை 1968இல் வென்ற நிக்ஸனும் அவருக்குப் பின் வந்தவர்களும் கையில் எடுத்துக்கொண்டார்கள். வாலஸுக்கு விழுந்த ஓட்டைத் தன் பக்கம் இழுப்பது ஒரு கட்சியின் திட்டமாகவே ஆனது. பெரோ பேசிய வரவுசெலவுப் பற்றாக்குறை தொண்ணூறுகள் முழுக்க இரண்டு கட்சிகளின் பேச்சாகவும் ஆனது. 1992இல் பெரோ இல்லாவிட்டால் தந்தை புஷ் ஜெயித்திருப்பார் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில், பெரோவுக்குப் போட்டவர்களின் அடுத்த தேர்வு புஷ்ஷுக்கும் கிளின்டனுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகவே இருந்தது. அங்கே ஓட்டு எண்ணிக்கையில் அவர் செய்த பாதிப்பைவிடப் பேச்சில் செய்த பாதிப்பு பெரிது.

ஆக ஒரு மூன்றாம் வேட்பாளரை மதிப்பிட, ‘யார் ஓட்டைப் பிரித்தார்’ என்பதோடு வேறு இரண்டு கேள்விகளும் வேண்டும். பேசாப் பொருளாக இருந்த எதைப் பேச வைத்தார்? அறைக்குள் யாரை அழைத்து வந்தார்? பஃபலோ மாநாட்டுக்குக் கார்னெட் வந்தார். ஜார்ஜ் வாலஸ் கறுப்பரை மறுபடி வெளியே தள்ளுவதற்காக வந்தார். இருவரையும் ‘ஓட்டுப் பிரித்தவர்’ என்று ஒரே பெயரால் அழைக்கிற சொல்லாடல், இந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறது.

5

இதையெல்லாம் உள்ளிருந்து அனுபவித்து எழுதியவர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். அவருடைய தேர்தல் வாழ்க்கையைத் தொடர்ந்து வாசித்தால் ‘குறைந்த தீமை’ என்ற தர்க்கத்தின் மொத்த வரலாறும் கிடைக்கும்.

1912இல் நான்கு பேர் களத்தில். குடியரசுக் கட்சியின் டாஃப்ட், அவரிடமிருந்து பிரிந்து முற்போக்குக் கட்சி கண்ட தியடோர் ரூஸ்வெல்ட், ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன், சோஷலிஸ்ட் யூஜின் டெப்ஸ். டு பாய்ஸ் அப்போது சோஷலிஸ்ட் கட்சி உறுப்பினர். ரூஸ்வெல்டின் மாநாட்டுக்காகக் கறுப்பர் உரிமை குறித்து ஒரு தீர்மான வாசகம் எழுதிக் கொடுத்தார். முற்போக்குக் கட்சி அதை ஏற்கவில்லை. தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்புப் பிரதிநிதிகளையும் சிகாகோ மாநாட்டில் உட்காரவிடவில்லை. டெப்ஸ் ஜெயிக்கப்போவதில்லை. எனவே டு பாய்ஸ் சோஷலிஸ்ட் கட்சியை விட்டு விலகி, ஜெயிக்கக் கூடிய வில்சனை ஆதரித்தார். ஓட்டு வீணாகக் கூடாது என்கிற கணக்கு. ரூஸ்வெல்ட் 27.4 சதவீதம், டாஃப்ட் 23.2 சதவீதம் என்று பிரிய, 41.8 சதவீதத்தோடு வில்சன் அதிபர் ஆனார். அடுத்த ஆண்டே வில்சனின் அமைச்சர்கள் அஞ்சல் துறையிலும் கருவூலத்திலும் கறுப்பு ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்தார்கள்.

டு பாய்ஸ் முட்டாள் அல்ல. அன்றைக்குக் கையில் இருந்த சீட்டுகளை வைத்து ஆடினார். பின்னால் 1948இல் ஹென்றி வாலஸை ஆதரித்தார். 1950இல் தன் 82ஆவது வயதில் நியூயார்க்கில் தானே மூன்றாம் கட்சி வேட்பாளராகச் செனட் தேர்தலில் நின்று ஏறத்தாழ இரண்டு லட்சம் ஓட்டு வாங்கினார். 1956இல் ‘தி நேஷன்’ இதழில், அந்தத் தேர்தலில் ஏன் ஓட்டுப் போடப்போவதில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். தன் வாழ்நாளில் போட்ட ஓட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, தேர்ந்தெடுக்க இரண்டு தீமைகள்கூட இப்போது இல்லை, ஒரே தீமைக்கு இரண்டு பெயர் இருக்கிறது என்ற முடிவுக்கு வருகிறார். மூன்றாம் கட்சி என்று ஒன்று இல்லாமல் ஆக்கப்பட்டுவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டின் மையம்.

அந்த முடிவை நான் அப்படியே ஏற்கவில்லை. 1956இலும் இரண்டு கட்சிகளுக்கும் வித்தியாசம் இருந்தது, 1844இலும் இருந்தது. ஆனால் அந்தக் கட்டுரையின் வலிமை முடிவில் இல்லை, கணக்கெடுப்பில் இருக்கிறது. ‘இந்த ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கொள், அடுத்த தடவை உன் பிரச்சினை’ என்று ஒரு மனிதரிடம் நாற்பது ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பதை அது வரிசையாக வைத்துக் காட்டுகிறது. ‘குறைந்த தீமை’ வாதத்துக்கு ஒவ்வொரு தேர்தலும் கடைசித் தேர்தல். அதற்கு நினைவு என்பதே கிடையாது.

6

மூன்றாம் ஆளைக் குற்றவாளி ஆக்குவது அவருடைய குணம் அல்ல, எண்ணும் முறைதான் என்று 1951இலேயே மோரீஸ் துவெர்ஜே எழுதிவிட்டார். கூடுதல் ஓட்டு வாங்கியவரே வெற்றி என்ற முறை இரண்டு கட்சிகளை நோக்கித் தள்ளும் என்பது அவருடைய கருத்து. முறையை மாற்றினால்? அமெரிக்காவில் மெய்ன் மாநிலம் 2020 முதலும், அலாஸ்கா 2024இலும், வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறையை அதிபர் தேர்தலில் பயன்படுத்தியிருக்கின்றன. இலங்கையில் 1978 அரசியலமைப்பின்படியே ஜனாதிபதித் தேர்தலில் விருப்பு வாக்கு உண்டு. 1982இலிருந்து எட்டுத் தேர்தல்களில் முதல் எண்ணிக்கையிலேயே யாராவது பாதிக்கு மேல் வாங்கிவிட்டதால் அதை எண்ண வேண்டி வரவில்லை. 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக எண்ணினார்கள்.

அந்த எண்ணிக்கை நமக்கு முக்கியமானது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம், சஜித் பிரேமதாச 32.76 சதவீதம். மூன்றாவதாக வந்த ரணில் விக்கிரமசிங்கவின் வாக்கு மட்டுமே ஏறத்தாழ 23 லட்சம். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்கு 2,26,343. இவர்கள் எல்லோருடைய சீட்டுகளிலும் அடுத்த விருப்பத்தைத் தேடிப் பார்த்ததில், முதல் இருவருக்கும் சேர்த்துக் கூடியது மூன்று லட்சத்துக்கும் குறைவு. அதாவது, மற்றவர்களுக்குப் போட்டவர்களில் பத்தில் ஒரு பங்குகூட, முதல் இருவரில் எவருக்கும் அடுத்த விருப்பம் தரவில்லை. பழக்கமின்மை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ‘மூன்றாமவர் நிற்காவிட்டால் அந்த ஓட்டு எங்களுக்கு வந்திருக்கும்’ என்று கூட்டல் போடுபவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்க்க வேண்டும். மாற்றிப் போட இலவசமாக வழி இருந்தும் அவர்கள் மாற்றிப் போடவில்லை.

முறை மாறினாலும் வசவு உடனே மாறுவதில்லை. 1982இல் குமார் பொன்னம்பலம் 1,73,934 வாக்குகள் பெற்றதும், 2024இல் அரியநேத்திரன் நின்றதும் ‘ஓட்டுப் பிரிப்பு’ என்ற சொல்லுக்குள்ளேயே பேசப்பட்டன. 2005இல் புலிகள் விதித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.2 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். அதில் அச்சத்தின் பங்கை மறைக்க முடியாது. மஹிந்த ராஜபக்ஷ 1,80,786 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் போடாத ஓட்டும் காரணமாகச் சொல்லப்படுகிறது. நின்றால் பிரித்தவர், போகாவிட்டால் கெடுத்தவர். ஒரு தரப்பு மக்கள் எப்போதுமே மற்றவர்களுடைய தேர்தலின் இடைஞ்சலாக மட்டும் கணக்கில் வருகிறார்கள் என்றால், கோளாறு அந்தக் கணக்கில்தான்.

7

2024 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில், அரபு வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழும் ஊரில், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு ஏறத்தாழ 18 சதவீதம் விழுந்தது. டிரம்ப் அங்கே முதலிடம், கமலா ஹாரிஸ் இரண்டாமிடம். ஸ்டைனின் வாக்குகள் முழுதும் ஹாரிஸுக்குப் போயிருந்தாலும் மிச்சிகன் அவருக்குக் கிடைத்திருக்காது. மாநில அளவில் வித்தியாசம் 80,000ஐத் தாண்டியது. ஆனாலும் ஏச்சு விழுந்தது. காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, அந்தக் குண்டை அனுப்பிய ஆட்சியின் வேட்பாளருக்கே ஓட்டுப் போடு, மற்றவன் இன்னும் மோசம் என்று அந்த ஊர்க்காரரிடம் சொன்னார்கள். மற்றவன் இன்னும் மோசம் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைச் சொல்ல நமக்கு உரிமை வேண்டுமென்றால், அவருடைய கேள்விக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதாக நிற்பவர், தான் நிற்பதால் வரும் விலையை யார் கொடுப்பார்கள் என்பதைச் சொல்லிவிட்டே நிற்க வேண்டும். தேர்தலுக்கு மறுநாள் காணாமல் போகிற மூன்றாம் ஆளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. லிபர்ட்டி கட்சியினர் 1844க்குப் பிறகும் வேலை செய்தார்கள். அவரைத் திட்டுகிறவர்கள், எண்ணும் முறையை மாற்ற அதிகாரத்தில் இருந்தபோது என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லிவிட்டே திட்ட வேண்டும். மூன்றாம் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து நீக்க வழக்குப் போடுபவர்களையும், வரிசைப்படுத்தும் முறைக்காகப் போராடுபவர்களையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாராக இல்லை. முதல் தரப்புக்கு வேண்டியது ஓட்டு. ஓட்டுப் போடுபவர் வேண்டாம். இரண்டாம் தரப்போடு உட்கார்ந்து, யாருக்குப் போடுவது என்று சண்டை போடலாம்.